சபைக்குள்ளேயே போதகர்களை உருவாக்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சபையின் போதகர் ஓய்வு பெறுகிறார், அல்லது எதிர்பாராமல் கர்த்தரிடம் போய்ச் சேருகிறார். அடுத்த வாரமே ஆள் தேடும் வேலை தொடங்குகிறது. தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள். வேதாகமக் கல்லூரிகளுக்குக் கடிதம் போகிறது. யாரோ ஒருவர் வந்து இரண்டு ஞாயிறு பிரசங்கிக்கிறார். பிரசங்கம் நன்றாயிருக்கிறது, அவரையே அழைத்துவிடுகிறார்கள். அவர் மனைவியிடம் எப்படிப் பேசுவார், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பாரா, எதிர்த்துப் பேசுகிறவரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதெல்லாம் அந்தச் சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் 1 தீமோத்தேயு 3-லும் தீத்து 1-லும் பவுல் எழுதிவைத்த தகுதிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். இரண்டு ஞாயிறுகளில் அவை தெரியவராது.

போதகரை உருவாக்குகிற பொறுப்பு முதலாவது சபைக்குரியது. கல்லூரி அதற்குக் கைகொடுக்கலாம், அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு மனிதனை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து பார்க்கக்கூடிய இடம் அவன் வளர்ந்த சபைதான். "நீ தேறுகிறது யாவருக்கும் விளங்கும்படி" என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லப்பட்டது (1 தீமோ. 4:15). யாவருக்கும் என்றால் மந்தை முழுவதற்கும். போதகனாகப்போகிறவனின் வளர்ச்சி அந்த மந்தையின் கண்முன் நடக்க வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. வட ஆப்பிரிக்காவிலுள்ள ஹிப்போவில் பேராயராயிருந்த அகஸ்டீன் தம் வீட்டிலேயே ஊழியர்களைத் தம்மோடு வாழவைத்து உருவாக்கினார். பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1563-இல் கத்தோலிக்க சபையின் டிரெண்ட் சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம், அதாவது குருக்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி, அமைக்கக் கட்டளையிட்டது. சீர்திருத்த சபைகளும் கல்லூரிகளைக் கட்டின. படிப்பு உயர்ந்தது, அது நன்மைதான். ஆனால் போதகரை உருவாக்குவது "கல்லூரியின் வேலை" என்ற எண்ணமும் சபைகளில் மெல்ல வேரூன்றியது. அதற்கு நடுவிலும் வேறு வழியில் போனவர்கள் உண்டு. 1856-இல் லண்டனில் சார்லஸ் ஸ்பர்ஜன் தொடங்கிய போதகர் கல்லூரி அவர் மேய்த்த சபையோடு ஒட்டியே வளர்ந்தது. அதன் முதல் மாணவர் தாமஸ் மெட்ஹர்ஸ்ட், ஸ்பர்ஜனின் ஊழியத்தில் மனந்திரும்பி, ஏற்கெனவே தெருவில் நின்று பிரசங்கித்துக்கொண்டிருந்தவர்.

போதகர், மூப்பர் (போதகரோடு சேர்ந்து சபையை நடத்துகிறவர்) பொறுப்பு ஆண்களுக்குக் கொடுக்கப்பட்டது என்று நம்பும் சபைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சகோதரிகளை ஊழியத்தில் பயிற்றுவிப்பது மிகவும் தேவையான காரியம். அதைத் தனியாக, நிதானமாக எழுத வேண்டும்.

முதல் படி: மூப்பர்கள் உட்கார்ந்து தீர்மானிப்பது

பயிற்சி ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். ஆறாவது மாதத்தில் அது நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். போதகருக்கு நேரமில்லை. ஆகவே பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுமுன் போதகரின் வாரத்தைப் பற்றிப் பேசுங்கள். வாரத்தில் ஒரு முழு மாலை வகுப்புக்கு, ஒவ்வொருவரோடும் தனியாக மாதம் ஒருமுறையாவது இரண்டு மணி நேரம். இது குறைந்தபட்சம். இதைச் சேர்க்க வேண்டுமானால் வேறு ஏதோ ஒன்றைக் கழிக்க வேண்டும். எந்தக் கூட்டத்தை நிறுத்துவது, எந்த நிர்வாக வேலையை வேறொருவரிடம் கொடுப்பது என்று மூப்பர்கள் பெயர் சொல்லித் தீர்மானித்து, சபைக்கு அறிவிக்க வேண்டும். "போதகர் இனிமேல் இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார், ஏனென்றால் நமக்கு அடுத்த தலைமுறைப் போதகர்களை உருவாக்குகிறார்" என்று வெளிப்படையாகச் சொன்னால் சபை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கும். சொல்லாமல் விட்டால் முணுமுணுக்கும்.

எத்தனை பேர்? இரண்டு முதல் ஐந்து வரை. அதற்கு மேல் போனால் அது வெறும் வேதபாட வகுப்பாகிவிடும். எவ்வளவு காலம்? இரண்டு முதல் மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பவுல் எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் அனுதினமும் சம்பாஷித்தார். மூன்று வருஷ காலம் அவர்களுக்குப் புத்திசொன்னதாக அந்தச் சபையின் மூப்பர்களிடமே நினைவுபடுத்துகிறார் (அப். 19:9-10, 20:31). அவர் போனபின் அந்த மூப்பர்கள் மந்தையை மேய்க்க வேண்டியிருந்தது.

ஒரே போதகர், நாற்பது ஐம்பது பேர் மட்டுமே உள்ள சபையா? அருகிலுள்ள, உபதேசத்தில் ஒத்துப்போகும் சபைகளோடு சேர்ந்து உபதேச வகுப்புகளை நடத்தலாம். குணத்தைக் கவனிப்பதையும் வீட்டைச் சந்திப்பதையும் மட்டும் அடுத்த சபைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது அவனுடைய சொந்தச் சபையிலேயே நடக்க வேண்டும்.

இரண்டாம் படி: யாரைத் தெரிந்துகொள்வது

பேச்சுத்திறமைதான் நம்மை அதிகமாக ஏமாற்றுவது. 1 தீமோத்தேயு 3:2-7-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். குற்றஞ்சாட்டப்படாதவன், ஒரே மனைவியையுடைய புருஷன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், சண்டைபண்ணாதவன், பண ஆசையில்லாதவன் என்று பட்டியல் நீளுகிறது. "போதகசமர்த்தன்" என்ற ஒன்றுதான் கற்பிக்கும் திறமையைப் பற்றியது. மற்றதெல்லாம் வாழ்க்கை. நாமோ அந்த ஒன்றை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு, மற்றதெல்லாம் பிறகு தானாக வரும் என்று நம்பிவிடுகிறோம்.

பொறுப்புக் கிடைக்குமுன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவனைத் தேடுங்கள். ஆராதனை முடிந்ததும் புதிதாக வந்தவரிடம் போய்ப் பேசுகிறவன் யார்? ஒரு விசுவாசி மூன்று வாரமாக வரவில்லை என்பதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே அவர் வீட்டுக்குப் போனவன் யார்? ஞாயிறு பள்ளியில் ஏழு பிள்ளைகளுக்காக முழுச் சனிக்கிழமையும் ஆயத்தம் செய்கிறவன் யார்? வாலிபர்கள் கேள்வி கேட்க யாரிடம் போகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு மூப்பர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் எழுதி, பிறகு பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரே பெயர் இரண்டு மூன்று தாள்களில் வந்தால் அதைப்பற்றி ஜெபிக்கத் தொடங்குங்கள்.

தீமோத்தேயு "லீஸ்திராவிலும் இக்கோனியாவிலுமுள்ள சகோதரராலே நற்சாட்சி பெற்றவன்" (அப். 16:2). ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சாட்சி இருந்தது. ஆகவே சபைக்கு வெளியேயும் விசாரியுங்கள். வேலை செய்யுமிடத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? வாடகை வீட்டின் சொந்தக்காரர் என்ன சொல்கிறார்? புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்பது பவுல் வைத்த நிபந்தனை (1 தீமோ. 3:7).

மூன்று வகைப்பட்டவர்களைப்பற்றி எச்சரிக்கை தேவை. புதிதாக மனந்திரும்பி ஆர்வத்தால் கொழுந்துவிட்டு எரிகிறவன். அவனை அணைத்துவிட வேண்டாம், ஆனால் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்ற வார்த்தை அவனைப் பாதுகாப்பதற்காகவே எழுதப்பட்டது. அடுத்து, வேறெங்கும் வேலை அமையாததால் ஊழியத்துக்கு வர நினைக்கிறவன். கடைசியாக, போதகரின் மகன் அல்லது மருமகன். அவர் தகுதியற்றவர் என்றல்ல. தகுதியுள்ளவராகவே இருக்கலாம். ஆனால் அவரைச் சோதித்தறியும் பொறுப்பை மற்ற மூப்பர்கள் ஏற்க வேண்டும். தகப்பன் அந்த இருக்கையில் உட்காரக்கூடாது. சபை என்பது குடும்பச் சொத்து அல்ல. கிறிஸ்து தம் சொந்த இரத்தத்தினால் சம்பாதித்தது.

மூன்றாம் படி: முதல் பேச்சு

போதகரும் இன்னொரு மூப்பரும் அவனைச் சந்தித்துப் பேசுங்கள். திருமணமானவனென்றால் மனைவியும் கூட இருக்கட்டும். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சி பதவிக்கு வாக்குறுதி அல்ல. முடிவில் சபை அவனை மூப்பராக ஏற்படுத்தலாம், வேறிடத்துக்கு அனுப்பலாம், அல்லது நல்ல விசுவாசியாக, ஞாயிறு பள்ளி ஆசிரியராகவே இருக்கும்படி சொல்லலாம். மூன்றும் வீணல்ல. இதை ஒரு பக்கத்தில் எழுதி அவனிடமும் கொடுங்கள். வாய்ப்பேச்சை இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள்.

வேலையை விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி பெறுகிறவன் எப்படி உழைக்கிறான், களைப்பில் எப்படி நடந்துகொள்கிறான், வார்த்தையைக் காப்பாற்றுகிறானா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வேலையை விட்டுவிட்டு வந்தவனிடம் "நீ இதற்குத் தகுதியானவன் அல்ல" என்று சொல்லும் தைரியம் சபைக்கு இருக்காது. அவன் குடும்பம் நடுத்தெருவில் நிற்குமே என்ற பரிதாபத்தால் தவறான ஒருவரை ஏற்படுத்திவிடுவார்கள்.

மனைவியிடம் தனியாகவும் கேட்க வேண்டும். மூப்பர்களில் ஒருவருடைய மனைவி கேட்டால் நல்லது. "உங்கள் கணவர் இதற்கு வருவதில் உங்களுக்குச் சமாதானம் உண்டா?" என்ற ஒரு கேள்வி போதும். பதில் தயங்கித் தயங்கி வந்தால் ஆறு மாதம் பொறுத்திருங்கள்.

நான்காம் படி: கூடவே வைத்திருத்தல்

கர்த்தர் பன்னிருவரை ஏற்படுத்தியபோது முதலில் சொல்லப்பட்ட நோக்கம் அவர்கள் "தம்மோடுகூட" இருக்கவேண்டும் என்பதே. பிரசங்கம்பண்ண அனுப்புவது அதற்கு அடுத்து வருகிறது (மாற்கு 3:14). இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது, துக்க வீட்டுக்குப் போகும்போது, ஞானஸ்நானத்துக்கு ஒருவரை ஆயத்தம்பண்ணும்போது, பிரிந்திருக்கும் இரு சகோதரர்களை ஒப்புரவாக்கப் போகும்போது ஒருவரை அழைத்துப்போங்கள். போகிற வழியில் பேசுவதும், திரும்பும் வழியில் பேசுவதும் வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியாதவை.

துக்க வீட்டை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயது மகனை விபத்தில் இழந்த வீடு. போகும் வழியில் பயிற்சியில் இருக்கும் சகோதரர் கேட்கிறார்: "ஐயா, என்ன வசனம் சொல்லப் போகிறீர்கள்?" போதகர் சொல்ல வேண்டியது இதுதான்: "தம்பி, முதல் அரை மணி நேரம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தகப்பன் பக்கத்தில் உட்காருவேன். நீ தாயின் தம்பியோடு உட்கார். அவர்கள் பேசினால் கேள். 'தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும்' என்று மட்டும் சொல்லிவிடாதே." யோபின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. வீட்டார் கேட்கும்போது ஒரு சிறிய பகுதி, பெரும்பாலும் ஒரு சங்கீதம், வாசித்துச் சுருக்கமாக ஜெபிக்க வேண்டும். புறப்படுமுன், அடக்கத்துக்கு என்னென்ன ஏற்பாடு மீதியிருக்கிறது, வெளியூரிலிருந்து யார் வர வேண்டும், அவர்களை யார் அழைத்துவருவது என்று வீட்டுப் பெரியவரிடம் அமைதியாகக் கேட்டு, அந்த வேலையைச் சபை ஏற்க வேண்டும்.

திரும்பும் வழியில் கேளுங்கள்: "என்ன பார்த்தாய்? யார் அழவே இல்லை? அடுத்த வாரம் நாம் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?" அழாமல் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தங்கையை அவன் கவனித்திருந்தால் அவனிடம் மேய்ப்பனின் கண் இருக்கிறது. கவனிக்காவிட்டால் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை கவனிப்பான்.

நான்கு கட்டங்களாக இது முன்னேறட்டும். முதலில் அவன் பார்க்கிறான். பிறகு வேதம் வாசித்து ஜெபிக்கிறான். பிறகு அவன் நடத்த, போதகர் உடன் இருக்கிறார். கடைசியில் தனியாகப் போய்விட்டு வந்து சொல்கிறான். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக அவசரப்பட வேண்டாம்.

இரகசியம் காப்பதைப்பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். ஒரு விசுவாசி அழுது சொன்ன காரியம் ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட வெளியே போகக்கூடாது. தன் மனைவியிடமும் சொல்லக்கூடாத காரியங்கள் உண்டு. ஒருவருக்குத் தனியாக ஆலோசனை சொல்லும் சந்திப்புக்கு அவனை அழைத்துப்போவதானால் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தை முன்கூட்டியே கேளுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தனியே சந்திப்பதில் சபை வைத்திருக்கும் வரம்புகளை எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு நடந்தது என்று தெரியவந்தால் மட்டும் மூடிவைக்கக்கூடாது. அதை மூப்பர்களுக்கும் சட்டப்படி சொல்ல வேண்டிய அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: வேதத்தைக் கையாளக் கற்பித்தல்

முதல் ஆண்டில் வேதாகமம் முழுவதையும் ஒருமுறை வாசித்து முடிக்கட்டும். ஊழியத்துக்கு வருகிற பலர் ஆகாயையும் ஒபதியாவையும் ஒருமுறைகூட முழுவதும் வாசித்திருப்பதில்லை. வாசித்தோம் என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அரைப் பக்கத்தில், இது யாருக்கு எழுதப்பட்டது, என்ன சொல்கிறது, கிறிஸ்துவை நோக்கி எப்படி நடத்துகிறது என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். அறுபத்தாறு அரைப் பக்கங்கள். அந்த நோட்டுப் புத்தகம் வாழ்நாள் முழுவதும் அவனுக்கு உதவும்.

உபதேசத்தில் வேதம், திரித்துவம், கிறிஸ்துவின் தேவத்துவமும் மனுஷத்துவமும், பாவம், இரட்சிப்பு, பரிசுத்த ஆவியானவர், சபை, கடைசிக் காரியங்கள் என்று வரிசையாகப் போகலாம். கூடவே சபைச் சரித்திரத்தையும் தொட்டுக்கொண்டு போங்கள். குமாரனாகிய கிறிஸ்து சிருஷ்டிக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்பவர் கற்பித்ததும், 325-இல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்ததும் பழங்கதை அல்ல. அதே உபதேசம் இன்றும் வீடுவீடாக வந்து கதவைத் தட்டுகிறது. சரித்திரம் தெரிந்த போதகன் அதைக் கண்டவுடன் அடையாளம் கண்டுகொள்வான்.

இனி வசனத்தை விளக்கும் முறை. இதற்கு வாரந்தோறும் ஒரு பகுதியை எடுத்து, எல்லாரும் சேர்ந்து கேள்வி கேட்டுப் பழக வேண்டும். பிலிப்பியர் 4:13 நல்ல தொடக்கம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." தேர்வில் வெற்றி, தொழிலில் உயர்வு என்று எதற்கும் எடுத்து ஒட்டுகிற வசனம் இது. பயிற்சியில் இருப்பவரிடம் 10-ஆம் வசனத்திலிருந்து 14-ஆம் வசனம் வரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் எங்கே இருக்கிறார்? கட்டுகளில். எதைக் கற்றுக்கொண்டேன் என்கிறார்? மனரம்மியமாயிருக்க. எதற்கெல்லாம் போதிக்கப்பட்டேன் என்கிறார்? திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும். அப்படியானால் "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் அடங்குகிறது. 14-ஆம் வசனத்தில் "என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது" என்று நன்றி சொல்கிறார். வேலை இழந்த விசுவாசிக்கு இந்த வசனத்தை எப்படிப் பிரசங்கிப்பாய் என்று அப்போது கேளுங்கள். முன்பு சொல்லியிருக்கக்கூடிய பதிலுக்கும் இப்போது சொல்லும் பதிலுக்கும் உள்ள தூரத்தை அவனே உணர்வான். இப்படி ஓர் ஆண்டு பழகினவன் வசனத்தை இடத்திலிருந்து பிடுங்கிப் பேசக் கூசுவான். அந்தக் கூச்சம் அவன் மந்தைக்குப் பெரிய பாதுகாப்பு.

ஆறாம் படி: பிரசங்கிக்கப் பழக்குதல்

ஞாயிறு ஆராதனையில் தொடங்காதீர்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் பத்து நிமிடம். பிறகு வாலிபர் கூட்டத்தில் இருபது நிமிடம். ஆறேழு முறை பேசியபிறகு மாலை ஆராதனை. ஞாயிறு காலை இரண்டாம் ஆண்டில்தான்.

ஒவ்வொரு முறையும் பேசுமுன் ஒரு தாளில் இரண்டு வாக்கியம் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று ஒன்று. கேட்கிறவர்கள் எதை விசுவாசிக்க அல்லது செய்ய வேண்டும் என்று மற்றொன்று. இந்த இரண்டையும் எழுத முடியாவிட்டால் பிரசங்கம் இன்னும் ஆயத்தமாகவில்லை.

பேசி முடித்த அன்றே குறை சொல்லாதீர்கள். அவன் உள்ளம் அப்போது திறந்த காயம்போல் இருக்கும். கைகொடுத்து, ஜெபித்து அனுப்பிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, பயிற்சியில் இருக்கும் மற்றவர்களோடும் மூப்பர் ஒருவரோடும் உட்காருங்கள். முதலில் அவனே பேசட்டும்: எது நன்றாக வந்தது, எங்கே தடுமாறினாய்? பிறகு மற்றவர்கள்.

"நன்றாயிருந்தது" என்று சொல்ல யாருக்கும் அனுமதியில்லை. எது நன்றாயிருந்தது, ஏன் என்று சொல்ல வேண்டும். அதேபோல "பிடிக்கவில்லை" என்பதும் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பகுதியின் மையக் கருத்துதான் பிரசங்கத்தின் மையக் கருத்தாயிருந்ததா? வேதவசனத்தை விட்டுவிட்டு உதாரணத்தில் அதிக நேரம் செலவழித்தாயா? சிலுவையும் உயிர்த்தெழுதலும் இல்லாமலே இந்தப் பிரசங்கத்தைச் சொல்லியிருக்க முடியுமா? விதவையான ஒரு சகோதரிக்கு இதில் என்ன கிடைத்தது? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு? கடிந்துகொண்டாய், அதில் உனக்கும் பங்குண்டு என்று சபைக்குத் தெரிந்ததா? இத்தனையும் பேசியபிறகு, அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்ள ஒரே ஒரு காரியத்தை மட்டும் கொடுங்கள். பத்தைக் கொடுத்தால் ஒன்றும் திருந்தாது.

சபைக்கு முன் யாரையும் திருத்த வேண்டாம். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோ பேசுகிறதைக் கேட்டபோது, ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று மறுத்துப் பேசவில்லை. "அவனைச் சேர்த்துக்கொண்டு" அதிக திட்டமாய் விவரித்தார்கள் (அப். 18:26).

இரண்டு காரியங்களில் கண்டிப்பாயிருங்கள். இணையத்தில் கேட்ட பிரசங்கத்தைத் தன்னுடையதுபோல் சொல்வது திருட்டு. அதைத் திருட்டு என்றே பெயரிட்டுச் சொல்ல வேண்டும். இன்னொன்று, போதகரின் குரலையும் ஏற்ற இறக்கத்தையும் காப்பியடிப்பது. பாசத்தால் வருகிற பழக்கம்தான். ஆனாலும் சீக்கிரமே அன்போடு சொல்லி நிறுத்துங்கள். சபைக்குத் தேவை இன்னொரு போதகர், போதகரின் எதிரொலி அல்ல.

ஏழாம் படி: வீடு, பணம், தனிமை

"ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" இந்தக் கேள்விக்கு விடை வகுப்பறையில் கிடைக்காது. அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், உங்கள் வீட்டுக்கும் வரவழையுங்கள். பிள்ளை பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்தால் அவன் முகம் எப்படி மாறுகிறது? மனைவி பேசும்போது இடைமறிக்கிறானா?

மாதாந்தரச் சந்திப்பில் நேரடியாகக் கேளுங்கள். கடன் எவ்வளவு இருக்கிறது? யாரிடம்? சபை விசுவாசிகளிடம் கடன் வாங்கியிருக்கிறாயா? இரவில் கைப்பேசியில் என்ன பார்க்கிறாய்? யாரோடாவது இரகசியமாகச் செய்தி பரிமாறுகிறாயா? இந்த வாரம் உனக்காக எப்போது ஜெபித்தாய், பிரசங்கத்துக்காக அல்ல, உனக்காக? இப்படிக் கேட்பது வேவு பார்ப்பதல்ல. போதகரும் தன் காரியத்தை அவனிடம் திறந்து பேசினால் அது புரிந்துவிடும். ஊழியர்கள் விழுந்துபோன இடங்களைக் கவனித்தால் உபதேசக் குறைவைவிட இந்த மறைவிடங்களே அதிகம் தென்படும். தொடக்கத்திலேயே அங்கே விளக்கேற்றி வைப்பது அவனுக்கும் அவன் மனைவி பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் பேருதவி.

எட்டாம் படி: நிர்வாகம்

இரண்டாம் ஆண்டிலிருந்து மூப்பர் கூட்டத்தில் வாக்கில்லாமல் உட்கார்ந்து கேட்கட்டும். காணிக்கை எண்ணுவதில் எப்போதும் இருவர் இருப்பது ஏன், கணக்கை யார் தணிக்கை செய்கிறார், சபைச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். சபை ஒழுங்கு நடவடிக்கை எப்படி மத்தேயு 18-இன்படி நடத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே மூப்பர்கள் கருத்து வேறுபட்டும் சகோதரராயிருப்பதை அவன் கண்டால் நூறு பாடத்துக்குச் சமம்.

கல்லூரிப் படிப்பு எங்கே பொருந்துகிறது

எபிரெயமும் கிரேக்கமும் கற்பது, சபைச் சரித்திரத்தை ஆழமாகப் படிப்பது, பெரிய நூலகத்தில் உட்காருவது, இவற்றை எல்லாச் சபையாலும் கொடுக்க முடியாது. சபை தெரிந்தெடுத்து, சோதித்து, ஆதரித்து அனுப்புகிறவன் கல்லூரிக்குப் போவது ஆசீர்வாதம். சபைக்குத் தெரியாமல் தானாகப் போய்ப் பட்டத்தோடு திரும்பி, "எனக்கு ஒரு சபை வேண்டும்" என்று கேட்பது வேறு காரியம்.

ஊரை விட்டுப் போகாமலே படிக்கும் வழியும் உண்டு. 1963-இல் குவாத்தமாலாவில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் விரிவாக்க முறையில் இறையியல் கல்வியைத் தொடங்கினார்கள். நகரத்துக்குப் போய்ப் படித்தவர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. உண்மையில் கிராமச் சபைகளை நடத்திக்கொண்டிருந்தவர்களோ குடும்பத்தையும் நிலத்தையும் விட்டு நகரத்துக்கு வர முடியாதவர்கள். ஆகவே ஆசிரியர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். வீட்டில் பாடம் படித்து, குறித்த நாளில் கூடி ஆசிரியரோடு விவாதிக்கும் அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் பயிற்சியோடு இப்படிப்பட்ட ஒன்றை இணைத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: "இன்னும் இல்லை" என்று சொல்லுதல்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூப்பர்கள் அவனோடு உட்கார்ந்து, 1 தீமோத்தேயு 3-இன் ஒவ்வொரு தகுதியையும் எடுத்து, எங்கே வளர்ந்திருக்கிறான், எங்கே குறைவு என்று உதாரணத்தோடு சொல்ல வேண்டும். "உனக்குக் கோபம் அதிகம்" என்று சொன்னால் அவன் மறுப்பான். "வாலிபர் கூட்டத்தில் அந்தப் பையன் தாமதமாக வந்தபோது எல்லாருக்கும் முன்பாக அவனை வெட்கப்படுத்தினாய்" என்றால் யோசிப்பான்.

சிலரிடம் "இன்னும் இல்லை" என்று சொல்ல நேரும். அப்போது எதற்காகக் காத்திருக்க வேண்டும், எப்போது மறுபடியும் பேசுவோம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சிலரிடம் "இது உனக்குரியதல்ல" என்றே சொல்ல வேண்டும். அது கடினம். ஆனால் உண்மையைச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பது அதைவிடக் கொடுமை. அவனிடம் காணும் வரங்களை எண்ணிச் சொல்லுங்கள். அவன் செய்யக்கூடிய ஊழியத்தை அதே நாளில் அவன் கையில் கொடுங்கள். அடுத்த ஞாயிறு அவன் தனியாக உட்கார்ந்திருக்க விடாதீர்கள்.

"ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்ற கட்டளை (1 தீமோ. 5:22), அதாவது அவசரப்பட்டு யாரையும் ஊழியத்துக்கு ஏற்படுத்தாதே என்பது, மூப்பர்களுக்கானது. அந்த வசனம் தொடர்ந்து மற்றவர்கள் செய்யும் பாவங்களுக்கு உடன்படாதே என்கிறது. ஆராயாமல் ஏற்படுத்தினால் பின்னால் வரும் அழிவில் நமக்கும் பங்குண்டு.

பத்தாம் படி: கைகளை வைத்தல், அதற்குப் பின்

பெயரைச் சபைக்கு அறிவித்து, நான்கு வாரமாவது இடைவெளி விடுங்கள். யாருக்காவது நியாயமான ஆட்சேபம் இருந்தால் மூப்பர்களிடம் வந்து சொல்ல அதுவே நேரம். பிறகு அந்தியோகியாவில் செய்ததுபோல உபவாசித்து ஜெபம்பண்ணி, கைகளை வைத்து ஏற்படுத்துங்கள் (அப். 13:3).

முழுநேர ஊழியத்துக்கு அழைத்தால் சம்பளத்தை வெட்கப்படாமல் பேசித் தீர்மானியுங்கள். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை (1 கொரி. 9:14). வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவச் செலவு, முதுமைக்கான சேமிப்பு என்று கணக்கிட்டு எழுதுங்கள். ஊழியன் பட்டினியாயிருந்தால் பரிசுத்தமாயிருப்பான் என்ற எண்ணத்துக்கு வேதத்தில் இடமில்லை.

முதல் ஆண்டில் அவன் தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவிடாதீர்கள். மாதம் இரண்டு பிரசங்கம், குறிப்பிட்ட சில குடும்பங்களின் பராமரிப்பு, ஒரு வேதபாட வகுப்பு போதும். மூத்த போதகரோடு மாதாந்தரச் சந்திப்பு தொடரட்டும். வேறு சபைக்கு அனுப்புவதானால் சிபாரிசுக் கடிதத்தில் புகழ்ச்சி மட்டும் இருக்கக்கூடாது. எதில் பலமுள்ளவன், எதில் உதவி தேவைப்படும் என்று அவனுக்குத் தெரிந்தே எழுதுங்கள். அவனை ஏற்கும் மூப்பர்களிடம் முதல் இரண்டு ஆண்டுக்கு அவனோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள் என்று பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.